சர்டிபிகேட்டுக்காகச் சேர்க்காதீர்கள்: பிளஸ் ஒன் பிள்ளைகளும் ஆன்லைன் கோர்ஸ்களும்

"லீவு சும்மா போகுதுங்க சார், பையனுக்கு என்ன ஆன்லைன் கோர்ஸ் போடலாம்?"

கொங்கு மாவட்டங்களில் பள்ளிகளுக்கு உயர்கல்வி வழிகாட்டியாகப் போய்வருகிற எனக்கு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆனபிறகு ஆண்டு முழுக்கவே இந்தக் கேள்வி வருகிறது. ஒரு வருடம் இலவசமாகக் கிடைத்துவிட்டதாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். (கிடைக்கவில்லை. நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடம் அப்படியே இருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும்.)

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கோர்ஸை முடித்தபின் உங்கள் பிள்ளை எதை முடிவு செய்யப் போகிறான்? பெரும்பாலும் பதில் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சர்டிபிகேட் இருந்தா பின்னாடி உதவும்ல" என்பார்கள்.

உதவாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் என்பது பிளஸ் டூ கணித மதிப்பெண் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200. இதில் ஆன்லைன் கோர்ஸுக்கு இடமே கிடையாது. அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான். பிறகு இருபத்தோரு வயதில் வேலை தேடும்போது, பதினாறு வயதில் வாங்கிய சான்றிதழை எந்த நேர்காணலிலும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் பிளாஸ்டிக் ஃபைல் நிறையச் சான்றிதழ் கொண்டுவந்தான். செயற்கை நுண்ணறிவு, டிஜிட்டல் மார்க்கெட்டிங், எத்திக்கல் ஹேக்கிங், அட்வான்ஸ்டு எக்செல். பக்கத்துக் கணினியில் அவர்கள் வகுப்பின் மதிப்பெண் பட்டியல் திறந்திருந்தது. மொத்த மதிப்பெண் வரிசைப்படி அடுக்கச் சொன்னேன். மொத்தம் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினான். எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டியது, அதைப் படிக்காமல் 'தேர்ந்தெடுத்ததை மட்டும்' என்பதை அழுத்திவிட்டான். பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, மதிப்பெண்கள் மட்டும் இடம் மாறின. வகுப்பில் கடைசியில் இருப்பவன் முதலிடத்துக்கு வந்துவிட்டான். கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கோர்ஸில் வீடியோ ஓடும், முடிவில் ஐந்து கேள்வி வரும், சரியாக வரும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம். எக்செலைத் திறக்கவே அவனுக்கு வேலை வரவில்லை.

அப்படியானால் இந்த வயதில் ஆன்லைன் கோர்ஸ் எதற்கு? ருசி பார்ப்பதற்கு. பத்தாவது முடித்தவன் கணினி அறிவியல் குரூப்பா, வணிகவியலா, உயிரியலா என்று தேர்வு செய்கிறான். பிளஸ் டூ முடித்ததும் மூன்று நான்கு வருடப் படிப்பைத் தேர்வு செய்கிறான். இரண்டையும் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டுத்தான் செய்கிறோம். கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிறவன் ஒரு மாதம் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிப் பார்க்கட்டும். ஒரு நிரல் ஓடாமல் முரண்டு பிடிக்கும்போது அவனுக்கு எரிச்சல் வருகிறதா, இல்லை சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல் உட்கார்ந்திருக்கிறானா என்று வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் அது லாபம்தான். இரண்டாம் ஆண்டு பி.இ.யில் அரியர் வைத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்வதைவிட இது ரொம்ப மலிவு.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்தில் என்சிஇஆர்டி நடத்தும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடங்கள் இருக்கின்றன. படிப்பது இலவசம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழிகாட்டல் உண்டு. சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பட்டப்படிப்பு 2020-ல் ஆன்லைனில் தொடங்கியது. அதில் சேர ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரம் பாடம் நடத்தி, வாராவாரம் பயிற்சி கொடுத்து, அந்தப் பாடத்திலேயே தகுதித் தேர்வு வைப்பார்கள். பிளஸ் ஒன் முடித்தவர்களும் இந்தத் தகுதித் தேர்வை எழுதலாம். கட்டணம் உண்டு, ஆனால் சமூகப் பிரிவும் குடும்ப வருமானமும் பார்த்துச் சலுகை தருகிறார்கள். பட்டப்படிப்பில் சேராவிட்டாலும் அந்த நான்கு வாரம் நல்ல பரிசோதனை.

ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல். பெயரைக் கேட்டு ஆங்கிலப் பேச்சு வகுப்பு என்று நினைக்கிறார்கள். இல்லை, லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், பைத்தான், லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களைச் சொல்லித்தரும் சின்னச் சின்ன வீடியோக்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல இருக்கும், பலவற்றுக்குத் தமிழ்க் குரல் இருக்கிறது. திரையில் ஒரு பாதி வீடியோ, மறுபாதி மென்பொருள். ஒரு படி பார், நிறுத்து, அதையே செய், மறுபடி ஓட்டு. சும்மா ஓடவிட்டால் ஒன்றும் நிற்காது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. செல்போனில் இது சரிப்படாது, கணினி வேண்டும். பள்ளி ஹைடெக் லேபில் வாரம் ஒரு பீரியட் கிடைத்தாலும் போதும்.

வணிகவியல் குரூப் மாணவி ஒருத்தி அதில் ஸ்ப்ரெட்ஷீட் பாடத்தை முடித்தாள். அப்புறம் என்ன செய்வதென்று கேட்டவளிடம் வீட்டில் என்ன கணக்கு இருக்கிறது என்று கேட்டேன். பால் கணக்கு. பால் சொசைட்டி அட்டையில் காலை, மாலை என்று லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த மற்றத் திடப்பொருள்) எழுதித் தருவார்கள், அப்பா பணத்தை வாங்கிக்கொண்டு வருவார், அவ்வளவுதான். அவள் மூன்று மாத அட்டைகளை உட்கார்ந்து ஏற்றினாள். மாலைப் பாலில் ஃபேட் கூடுதலாக வருவதும், காலைப் பாலில் அளவு கூடுவதும் வரைபடமாகத் தெரிந்தது. அப்பாவுக்கு அது அனுபவத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு வாரம் மட்டும் எஸ்.என்.எஃப். சட்டென்று இறங்கியிருந்தது. தீவனம் மாற்றிய வாரம் அது என்று அம்மா சொல்லியிருக்கிறார். சான்றிதழ் எதுவும் இல்லாத அந்த ஒரு ஷீட்டைப் பற்றி அந்தப் பெண்ணால் இருபது நிமிடம் பேச முடிந்தது.

சரி, இப்போது பணம். கோர்ஸ் விற்பவர்கள் பள்ளிக்கு வந்து இலவச ஆப்டிட்யூட் டெஸ்ட் வைத்துப் பெற்றோர் நம்பரை வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் போன். பிள்ளைக்கு அபாரத் திறமை இருக்கிறது, இன்றைக்கு மட்டும்தான் சலுகை, மாதம் ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார்." அந்த ஓடிபியில் என்ன நடக்கிறது என்று எனக்கு வந்து சொன்ன எந்த அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அது மாதக் கட்டணம் இல்லை, கடன். ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் கோர்ஸ் கம்பெனிக்குக் கட்டிவிடுகிறது. அப்பா இனி அந்த நிதி நிறுவனத்துக்குத் தவணை கட்ட வேண்டும். பிள்ளை இரண்டாம் மாதமே வகுப்பை விட்டாலும் தவணை நிற்காது. கோபத்தில் வங்கிக் கணக்கைக் காலி செய்து வைத்தால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் ஸ்கோர் அடிபடும். அதே அப்பா இரண்டு வருடம் கழித்துக் கல்விக்கடன் கேட்டுப் போகும்போது, அவரும் இணைக் கடனாளி என்பதால் அந்த ஸ்கோரை எடுத்துப் பார்ப்பார்கள். பள்ளி வயதில் வாங்கிய ஒரு வீடியோ பேக்கேஜால் கல்லூரிக் கடன் இழுத்தடிக்கும்.

தானாகப் பணம் பிடிக்கும் வசதியைக் கொடுக்காதீர்கள் என்று 2021 டிசம்பரிலேயே ஒன்றியக் கல்வி அமைச்சகம் பெற்றோரை எச்சரித்தது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் போனில் சண்டை போட்டுப் பயனில்லை. கோர்ஸை ரத்து செய்யச் சொல்லிக் கம்பெனிக்கும், கடனை முடிக்கச் சொல்லி நிதி நிறுவனத்துக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். ரீஃபண்ட் விதிமுறைப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.

கடைசியாக, பாதியில் விட்ட பிள்ளையைத் திட்டுவது பற்றி. இலவசக் கோர்ஸ்களைப் பெரியவர்களே பாதியில்தான் விடுகிறார்கள். திட்டுவதற்குப் பதிலாக எந்த இடத்தில் நிறுத்தினாய் என்று கேட்டு எழுதி வையுங்கள். "கணக்கு வர ஆரம்பிச்சதும் விட்டுட்டேன்" என்றால் குரூப் எடுக்கும்போது அதைப் பேச வேண்டும். "பார்த்துக்கிட்டேதான் இருக்கணும், செய்ய ஒண்ணும் இல்ல" என்றால் கோர்ஸ் சரியில்லை, வேறு பாருங்கள். பெண் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்பது மூன்றாவது பதில்: "போன் அண்ணன்கிட்ட இருக்கும், ராத்திரிதான் கிடைக்கும்." அதற்குக் கோர்ஸை மாற்றத் தேவையில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் போனை அவளிடம் கொடுத்தால் போதும்.