தலைக்குப் பின்னால் வட்டம் இருந்தால் எல்லாரும் மகானா?

பழைய அரபு ஏட்டுச் சித்திரங்களைத் தமிழில் யார் விளக்கினாலும் ‘புனித ஒளிவட்டம்’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தலைக்குப் பின்னால் பொன்வட்டம் தெரிந்தால் போதும், உடனே அவர் மகான், இறையருள் பெற்றவர். எரிச்சலாக வருகிறது.

ஒளிவட்டத்துக்கு ஆங்கிலம் சொல்லும் ஹேலோ கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே முதற்பொருள் கதிரடிக்கும் களம், மாடுகள் சுற்றிச் சுற்றி மிதிக்கும் வட்டக் களம். அப்புறம்தான் சூரியன், நிலவின் வட்டம். அரபியில் ஹாலா என்றாலும் நிலவைச் சுற்றிய வளையம். நம்மிடம் ஊர்கோள், பரிவேடம் என்று இருக்கின்றன, ‘அகல் வட்டம் பகல் மழை’ என்ற பழமொழி சொல்வதும் அதைத்தான். எதிலும் புனிதம் இல்லை.

சரி, படத்துக்கு வருவோம். அல்-ஹரீரியின் மகாமாத் கதைகளை யஹ்யா அல்-வாசித்தி 1237இல் எழுதி, 99 படங்களும் வரைந்த ஏடு பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கதைகளில் வரும் அபூ ஸைத் ஊர் ஊராக வேடம் மாற்றி, வாய்ச் சாமர்த்தியத்தால் காசு கறக்கும் எத்தன். அவன் தலைக்குப் பின்னாலும் பொன்வட்டம், வாய் பிளந்து கேட்டு ஏமாறுகிறவர்கள் தலைக்குப் பின்னாலும் பொன்வட்டம்! இதில் யார் புனிதர்? பைசாந்திய, சிரியாக் கிறிஸ்தவ ஓவியத்தில் புழங்கிய வடிவம் இது, இங்கே வந்ததும் பொருள் உதிர்ந்து வடிவம் மட்டும் தங்கிவிட்டது. பின்புலம் பெரும்பாலும் வெறும் தாள்தான், அதில் தலைப்பாகையும் தாடியும் நெருக்கியடிக்கும் கூட்டத்திலிருந்து முகத்தைப் பிரித்துக் காட்ட அந்த வட்டம் உதவுகிறது. கதிர் கிடையாது, ஓரம் கறாராக வெட்டிய தட்டையான பொன்பூச்சு. ஆகவே இதற்குத் ‘தலைவட்டம்’ போதும்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘திருவாசி’ என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் பொருள் வேறு. திருவாசி பீடத்திலிருந்து எழுந்து திருமேனி முழுவதையும் வளைத்து நிற்பது. தலைக்குப் பின்னால் மட்டும் இருக்கும் தட்டுக்குச் சிற்பிகள் சிரச்சக்கரம் என்கிறார்கள். இரண்டும் சாமிக்கு உரியவை. எத்தனுக்குத் திருவாசி கட்டினால் ‘புனித’த்தைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டதாகத்தானே ஆகும்? 1436 வாக்கில் இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் உருவான, நபியின் விண்ணேற்றத்தைச் சொல்லும் மிஃராஜ் நாமா ஏட்டில் நபியைச் சூழும் பொன் தழலைப் பார்க்கும்போது நடராசர் திருவாசியின் சுடர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கேயும் ‘தழல்’ என்றே சொல்லலாம். அந்த வடிவத்தை மத்திய ஆசியப் பௌத்த ஓவியத்தோடு இணைத்துப் பார்க்கிறார்கள். அங்கே புனிதம் உண்டு, ஆனால் அதை வாக்கியம் சொல்லட்டும், சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பவர்களின் சிக்கல் இதுதான். ஆங்கிலக் குறிப்பையும் அகராதியையும் பார்க்கிறார்கள், படத்தைப் பார்ப்பதில்லை. இருநூறு ஆண்டு இடைவெளியில் அல்-வாசித்தியின் பக்தாத் பாணிக்கும் மிஃராஜ் நாமாவின் ஹெராத் பாணிக்கும் ஒரே சொல்லை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

‘ஒளிவட்டம்’ சரியாகப் பொருந்தும் இடமும் உண்டு. அரசுரிமை இறைவனிடமிருந்து வரும் ஒளி என்று அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் அக்பர் காலத்திலேயே எழுதிவைத்தார். ஐரோப்பியப் படங்கள் மொகலாய அரண்மனைக்கு வந்த பிறகு, அரண்மனை ஓவியர் பிச்சித்ர் வரைந்த ஓவியத்தில் அக்பரின் மகன் ஜஹாங்கீரின் தலைக்குப் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த பெரிய தட்டே நிற்கிறது, கதிர்களோடு. அவருக்கு ஒளிவட்டம் என்று தாராளமாக எழுதுங்கள், அவரும் அதைத்தான் கேட்டு வரையச் சொல்லியிருப்பார்.