காரின் முதுகுப்புறத்தில் கரையும் பெட்ரோல்

தாம்பரத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் தம் பத்து வருடப் பழைய ஹேட்ச்பேக் காரில் வாரக் கடைசிதோறும் விழுப்புரம் சென்று வருபவர். அமெரிக்காவில் சிலர் காரின் அடிப்பகுதியைப் பிளாஸ்டிக் தகடுகளால் மூடி, முன்பக்கக் கிரில்லை அடைத்து, பின்பக்கத்தில் நீண்ட வால் ஒன்றையும் பொருத்தி மைலேஜை வெகுவாக உயர்த்திக்கொள்வதைக் காணொளிகளில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், அந்த வேலையை இங்கே ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டால் பலன் இருக்குமா என்பது அவர் கேள்வி.

பலன் உண்டா இல்லையா என்பது முதலில் சாலையைப் பொறுத்தது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும் என்பது பள்ளிப் பாடம். டிரைவரோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரைக் கணக்கிட்டால், டயர் உருள்வதால் வரும் தடை ஏறத்தாழ 110 நியூட்டன். வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. காற்றுத் தடையோ மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 50 நியூட்டன், 80-இல் 200, 100-இல் 310-க்கும் மேல். மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டித்தான் காற்று டயரை எட்டிப் பிடிக்கிறது. கிண்டியிலிருந்து குரோம்பேட்டை வரையிலான நெரிசலில் அந்த வேகம் வாய்ப்பதே அபூர்வம் என்பதால், அங்கே எரியும் பெட்ரோலில் பெரும்பகுதி சிக்னலில் நின்றபடி ஓடும் எஞ்சினிலும், ஏசியிலும், திரட்டிய வேகத்தையெல்லாம் சூடாக மாற்றிவிடும் பிரேக்கிலும்தான் போகிறது. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகுதான் வாசகரின் கேள்விக்கே பொருள் பிறக்கிறது.

காற்றுத் தடை என்றதும் பெரும்பாலோர் நினைப்பது காரின் முகத்தை. கூரான மூக்கு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்ற எண்ணம் எளிதில் போவதில்லை. உண்மையில், விளிம்புகள் ஓரளவு உருண்டையாக இருந்துவிட்டால் மூக்கில் இழப்பு குறைவுதான். இழப்பின் பெரும்பகுதி முதுகுப்புறத்தில் நிகழ்கிறது. இந்தத் துறையில் எனக்கு அலுக்காத விஷயம் இதுதான் என்பதால், இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் தலம்பேர் 1752-இல் ஒரு விசித்திரமான முடிவை வெளியிட்டார். பிசுபிசுப்பே இல்லாத ஒரு பாய்மத்தில் (காற்று, நீர் போல ஓடும் பொருளில்) சீரான வேகத்தில் செல்லும் பொருளுக்குத் தடையே இருக்கக் கூடாது என்றது அவருடைய கணக்கு. காரணம் எளியது. முன்பக்கத்தில் அழுத்தம் கூடிப் பொருளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பொருளின் இடுப்பை ஒட்டிப் பாயும்போது பாய்மத்தின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. பின்பக்கத்தில் பாய்மம் மறுபடி ஒன்றுகூடி வேகம் தணியும்போது அழுத்தம் பழையபடி உயர்ந்து, முன்பக்கம் தள்ளிய அதே அளவு விசையோடு பொருளை முன்னுக்குத் தள்ளுகிறது. ஆக, காரின் முதுகில் காற்று காரை உந்தியாக வேண்டும். நெடுஞ்சாலையில் அப்படி எதுவும் நடப்பதாகத் தெரியவில்லையே என்ற புதிர் ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது.

புதிரை அவிழ்த்தவர் ஜெர்மன் அறிஞர் லுட்விக் பிராண்டல். 1904-இல் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் அவர் வாசித்த சிறு கட்டுரை, பரப்பை ஒட்டியிருக்கும் மிக மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்சியது. பிசுபிசுப்பு சொற்பமே ஆனாலும், பரப்பைத் தொடும் காற்று பரப்போடு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேலிருக்கும் அடுக்குகள் படிப்படியாக வேகம் பெறுகின்றன. இதற்கு எல்லைப் படலம் என்று பெயர். தியாகராய நகரின் துரைசாமி சுரங்கப்பாதையில், பெடலை மிதிக்காமல் சைக்கிளில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லையென்றால், இறங்கும்போது சேர்ந்த வேகம் மறுகரையில் அதே உயரத்துக்கு ஏற்றிவிடும். எண்ணெய் காணாத சைக்கிளாக இருந்தால் பாதி மேட்டில் நின்று பின்னோக்கி உருளத் தொடங்கும். காரின் கூரைக்கு மேலே வேகமெடுத்த காற்று, பின்கண்ணாடிப் பக்கம் அழுத்தம் உயரும் மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது. மேலடுக்குக் காற்று ஏறிவிடும். எல்லைப் படலத்துக் காற்றோ கூரை நெடுக உராய்ந்து வேகத்தை இழந்துவிட்டதால் நடுவழியில் நின்று திரும்புகிறது. திரும்பும் காற்று, வந்துகொண்டிருக்கும் காற்றைப் பரப்பிலிருந்து பிரித்துவிடுகிறது. அதற்கு அப்பால் கார் தன் பின்னால் ஒரு குழம்பிய சுழல்களின் மண்டலத்தை இழுத்துச் செல்கிறது. அங்கே அழுத்தம் மீளவே மீளாது; தலம்பேர் வாக்களித்த உந்தல் வராமல், முகத்தின் மீதான தள்ளல் மட்டும் மிஞ்சுகிறது.

இதைப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மழை விட்ட மறுநாள் செங்கல்பட்டு வரை போய்வந்த ஒரு ஹேட்ச்பேக்கைச் சுற்றிப் பாருங்கள். முன்கண்ணாடியும் பக்கவாட்டும் ஓரளவு சுத்தமாக இருக்க, பின்கண்ணாடியில் மட்டும் செம்மண் சேறு நுண்புள்ளிகளாக அப்பியிருக்கும். சக்கரங்கள் கிளப்பும் சேற்றுநீரை அந்தச் சுழல் மண்டலம் வாரியெடுத்துக் கண்ணாடியின் மேல் அப்புகிறது. ஹேட்ச்பேக்கில் பின்பக்க வைப்பர் வைப்பதும், செடான் கார்களில் பெரும்பாலும் வைக்காததும் இதனால்தான். இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்புவோர், விரல் நீள உல்லன் நூல்களைக் கூரையிலும் பின்கண்ணாடியிலும் வரிசையாக டேப் போட்டு ஒட்டி, பக்கத்துத் தடத்தில் வரும் காரிலிருந்து நண்பரைப் படம் எடுக்கச் சொல்லலாம். கூரையில் உள்ள நூல்கள் படிய வாரிய தலைமுடியாகக் கிடக்கும். கூரையின் விளிம்பைத் தாண்டியதும் சில நூல்கள் துடிக்கும், சில மேல்நோக்கித் திரும்பிக் காரின் முன்பக்கத்தையே காட்டும். காற்று எந்த இடத்தில் பிரிகிறது என்பது அப்போது வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அழுத்த மேட்டை மெல்லச் சரித்துக் கொடுத்தால், களைத்த காற்றும் ஏறிவிடும். மீனும் நீர்த்துளி வடிவ விமான உறுப்புகளும் பின்னால் நீண்டு குறுகுவது இதற்காகவே. மெல்லிய உருண்டைக் கம்பி ஒன்றுக்கு ஏற்படும் தடை, அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தடிமனான, வால் குறுகிய இறக்கை வடிவத்துக்கு ஏற்படும் தடைக்குச் சமம் என்பதை முதன்முறை கேட்பவர்கள் நம்புவதே இல்லை. கார்க்காரர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். எட்மண்ட் ரும்ப்ளர் 1921-இல் காட்சிக்கு வைத்த துளி வடிவக் காரை, 1979-இல் ஃபோக்ஸ்வாகன் தன் காற்றுச் சுரங்கத்தில் அளந்தபோது தடைக்கெழு (ஒரு வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடும் என்பதைக் காட்டும் எண்; குறைய குறைய நல்லது) 0.28 என்று வந்தது. இன்றைய ஹேட்ச்பேக்குகள் பல 0.3-க்கு மேலேதான் இருக்கின்றன. ஆனால் முழுத் துளியின் வால் பல அடி நீளும். 1930-களில் ஜெர்மனியின் வுனிபால்டு கம், வாலைச் சரியான சரிவில் தொடங்கிப் பாதியிலேயே செங்குத்தாக வெட்டிவிட்டாலும் பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும் என்று காட்டினார்.

சரிவு எவ்வளவு என்பதில்தான் வீட்டில் செய்பவர்கள் கோட்டை விடுகிறார்கள். எஸ்.ஆர். அகமதுவும் உடன் பணியாற்றியவர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, காரைப்போன்ற ஓர் எளிய கட்டையின் பின்சரிவை மட்டும் மாற்றி மாற்றி அளந்தது. சரிவு 12 பாகையை ஒட்டியிருக்கும்போது தடை மிகக் குறைவாக இருந்தது. அதற்கு மேல் கூடிக்கொண்டே போய் 30 பாகையில் உச்சத்தைத் தொட்டு, அதைத் தாண்டியதும் திடீரென விழுந்தது. 30 பாகைவரை சரிவின் இரு ஓரங்களிலும் திருகுச் சுழல்கள் இரண்டு வலுவாகக் கிளம்பிச் சரிவின் மேலுள்ள அழுத்தத்தை உறிஞ்சிவிடுகின்றன. அதற்கு அப்பால் அவை சிதைந்து, காற்று முழுவதுமாகப் பிரிந்துவிடுகிறது. அழகாக இருக்கிறதே என்று 25 பாகையில் வாலை இறக்கினால், இல்லாத தடையை நாமே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

வாசகரின் காருக்கு அப்படியொரு வாலைப் பொருத்தலாமா என்றால், இயற்பியல் சம்மதித்தாலும் சட்டம் சம்மதிக்காது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. வண்டியின் நீளத்தையே கூட்டும் வால் அதில் சிக்கும். மாம்பலத்துத் தெருக்களில் ஒன்றரை அடி நீண்ட காரை நிறுத்த இடம் தேடுவது அடுத்த சங்கதி.

அடிப்பகுதியை மூடுவது இதைவிடச் சாத்தியமானது. காரின் அடிவயிறு குழாய்களும் பள்ளங்களுமாகக் கரடுமுரடாக இருப்பதால் அங்கே காற்று நிறையவே தடுமாறுகிறது. கடைகளின் விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்பேக் ஷீட் எடை குறைந்தது, மலிவு, கத்தியால் வெட்டலாம். ஆனால் அது பாலிப்ரொப்பிலீன். 160 பாகை செல்சியஸை ஒட்டி உருகிவிடும். சைலன்சர் குழாயும் அதன் முன்னுள்ள, புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் (கேட்டலிடிக் கன்வர்ட்டர்) அதைவிட எத்தனையோ மடங்கு சுடும் என்பதால், அந்தப் பகுதியை மூடினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. முன் பம்பருக்கும் முன்சக்கரங்களுக்கும் இடைப்பட்ட பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதுவும் நம் தெருக்களின் வேகத்தடைகளையும், ஐப்பசி கார்த்திகையில் வேளச்சேரியில் தேங்கும் தண்ணீரையும் எத்தனை நாள் தாங்கும் என்பது ஐயமே.

கிரில்லை அடைப்பது குளிர்நாட்டுக்காரர்களின் யோசனை. அங்கே குளிர்காலத்தில் எஞ்சின் சூடேறுவதற்கே நேரம் பிடிக்கும். சித்திரை வெயிலில், ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சரும் அமர்ந்திருக்கும் காரில் அட்டையைச் செருகினால், மின்விசிறி ஓயாமல் ஓடி, மிச்சம் பிடித்ததைத் தானே தின்றுவிடும். எஞ்சின் கொதித்துவிட்டால் வரும் செலவு தனி. பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றுவோரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் தொங்கும் அலங்காரங்களில் ஒன்றே ஒன்றுக்கு நான் ஆதரவு தருவேன்: ஹேட்ச்பேக்கின் கூரையைச் சில அங்குலம் நீட்டிக்கும் சிறு ஸ்பாய்லர், சரிவு சரியாக அமைந்தால், சுழல் மண்டலத்தைக் கொஞ்சம் ஒடுக்கும். செடானின் டிக்கி மேல் நிமிர்ந்து நிற்கும் பந்தயக் கார் இறக்கை தடையைக் கூட்டத்தான் செய்யும். கூரையில் ஒட்டும் சிறு துடுப்புகளை மிட்சுபிஷி பொறியாளர்கள் 2004-இல் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிரியவிருக்கும் படலத்துக்கு மேலடுக்குக் காற்றின் வேகத்தைக் கலந்து கொடுத்து, தடைக்கெழுவை 0.006 குறைத்தன. அந்த ஒரு கார் வடிவத்துக்கு, உரிய இடத்தில், உரிய உயரத்தில் வைத்து கிடைத்த பலன் இது. கண்ட இடத்தில் ஒட்டுவதால் கிடைப்பது தோற்றம் மட்டுமே.

இவற்றையெல்லாம் விட, காரின் மேலிருப்பதைக் கழற்றுவது உறுதியான பலன் தரும். வருடத்தில் இருமுறை பயன்படும் கூரைக் கேரியரை வருடம் முழுவதும் சுமந்து திரியும் கார்கள் ஏராளம். வேகத்தையும் குறைத்துக்கொண்டால் கணக்கு இன்னும் தெளிவு: மேலே சொன்ன காரை 100-க்குப் பதில் 80-இல் ஓட்டினால், கிலோமீட்டருக்குச் சக்கரங்களில் வேண்டிய ஆற்றலில் கால் பங்குக்கு மேல் குறைகிறது. எந்த வாலும் இதை எட்டாது.

பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று படித்தவர்களே இன்றும் வாங்கி மாட்டுகிறார்கள். பம்பரில் தொங்கும் எலுமிச்சையையும் மிளகாயையும் கண்டு சிரிப்பவர்கள்தான் இவர்கள். எலுமிச்சையாவது இயற்பியல் பேசுவதில்லை. மூலிகை பெட்ரோலை 1996-இல் கொண்டாடிய மாநிலம் இது என்பதை நினைத்தால் வியப்பும் இல்லை. எனக்குள்ள மனக்குறை வேறு. கலிபோர்னியாவில் நாசாவின் டிரைடன் மையம், 1970-களில் ஒரு பழைய வேனைத் தகடடித்துப் பெட்டியாக்கி, அதன் முனைகளை உருட்டிப் பார்த்தது. செங்குத்து முனைகளை உருட்டியதும் தடை 40 விழுக்காடு குறைந்தது. கிடை முனைகளையும் உருட்டியதும் 54 விழுக்காடு. உள்ளே இழந்த கொள்ளளவு 3 விழுக்காடுதான். பின்னால் குறுகிச் செல்லும் படகு வடிவ வால் தனியே 15 விழுக்காடு அளவுக்குக் குறைத்தது. கரூரிலும் நாமக்கல்லிலும் பேருந்துக்கும் லாரிக்கும் கூண்டு கட்டும் பட்டறைகள் நிறைந்திருக்க, இரவெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடும் அந்தப் பெட்டிகளின் முனைகளைப் பற்றி நம் பொறியியல் கல்லூரிகள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத நாட்டில், இதைப்போன்ற மலிவான, உடனே பலன் தரும் ஆய்வுக்குத்தான் முதலில் பணம் கொடுத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் ஏதேனும் செய்து பார்ப்பேன் என்றால், அளக்கும் முறையைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் நிரப்பி மைலேஜ் பார்ப்பதில் பங்க்கின் குழாய் எப்போது நின்றது என்பதே பெரிய பிழையாகிவிடும். போக்குவரத்தில்லாத சமதளச் சாலையில் 80-க்கு மேல் எடுத்து, நியூட்ரலில் விட்டு, 80-இலிருந்து 70-க்கு இறங்கும் நேரத்தைக் கணக்கிடுவது இதைவிட நம்பகமானது. எஞ்சினை மட்டும் அணைக்கக் கூடாது; பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். மேலே சொன்ன காருக்கு இந்த இறக்கம் சுமார் பத்து விநாடி பிடிக்கும். காற்றுத் தடையைப் பத்து விழுக்காடு குறைத்தால்கூட அது அரை விநாடிக்குச் சற்று மேல்தான் நீளும் என்பதால், இரு திசைகளிலும் பலமுறை ஓட்டிச் சராசரி எடுத்தாக வேண்டும். சென்னையை ஒட்டிய சாலைகளில் கடற்காற்று எழுவதற்கு முன், காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 80-இல் போகும் கார், காற்றைப் பொறுத்தவரை 100-இல் போகிறது. முன்பும் பின்பும் ஒரே எடை, ஒரே டயர் அழுத்தம் இருக்க வேண்டும். தகடு பொருத்திய அன்றே டயருக்கும் காற்று அடித்துவிட்டால், கூடிய அரை விநாடி தகட்டால் வந்ததா டயரால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இருக்காது.