சொல் விளக்கம்: வென்டரிங்

கொழும்பில் தமிழ் பேசும் மென்பொருள்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் "அந்த லைப்ரரியை வென்டர் பண்ணிப் போடுங்கோ" என்ற பேச்சு சாதாரணமாக அடிபடும். என்ன செய்ய வேண்டும் என்பது கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும். வெளியார் எழுதிய ஒரு சி மொழி நிரலகத்தின் (லைப்ரரி: மற்ற நிரல்கள் எடுத்துப் பாவிக்கும் ஆயத்த நிரல்) மூலநிரலை எடுத்து, நமது நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்துக்குள் ஒரு கோப்புறையில் வைத்து, நமது நிரலோடு சேர்த்தே தொகுக்க, அதாவது கம்பைல் பண்ண, வேண்டும். அந்தக் கோப்புறையின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ரெடிஸ் தரவுத்தளத்தில் அது டெப்ஸ், குரோமியம் உலாவியில் தேர்ட் பார்ட்டி, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் கான்ட்ரிப்.

சரி, இதற்கு ஏன் வென்டரிங் என்று பெயர்? அதே அலுவலகத்தின் கொள்வனவுப் பிரிவில் வென்டர் என்றால் கதிரையும் மேசையும் கொடுக்கிற கொம்பனி. பத்திரிகையில் வரும் "வழங்குநர்களைப் பதிவு செய்தல்" அறிவித்தல்கள் அவர்களுக்கானவை. புறக்கோட்டை நடைபாதையில் கடை விரித்திருப்பவரும் ஆங்கிலத்தில் வென்டர்தான். ஆனால் தரவைச் சுருக்கி விரிக்கும் இஸட்லிப் நிரலகத்தை நமக்கு யாரும் விற்கவில்லை. 1995இல் முதன்முதலாக அதை வெளியிட்ட ஷான்-லூப் கையியும் மார்க் அட்லரும் எல்லாருக்கும் சும்மாதான் கொடுத்தார்கள்.

விற்பவர் இந்தச் சொல்லுக்குள் வந்ததற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. லத்தீனில் வெண்டெரே என்றால் விற்றல். விற்பனை என்ற பொருளுடைய வேனும் என்ற சொல்லும், கொடு என்ற பொருளுடைய தாரே என்ற சொல்லும் சேர்ந்து பிறந்த வினை அது. மென்பொருளுக்குள் அது நுழைந்த காலத்தில் யுனிக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலைக் கொம்பனிகள் காசு கொடுத்து உரிமத்தில் வாங்கின. வாங்கியவர்கள் தங்கள் தேவைக்கு அதைத் திருத்தினார்கள். அப்புறம் விற்றவர் புதிய பதிப்பை அனுப்புவார். நமது திருத்தங்களைத் தொலைக்காமல் அதை எப்படி உள்ளே எடுப்பது? பிரிஸ்மா என்ற கொம்பனியில் இருந்த பிரையன் பெர்லினருக்குச் சன் நிறுவனத்தின் ஸன்ஓஎஸ் மூலநிரலில் இதே தலையிடி இருந்தது. நிரலின் பதிப்புகளைப் பேணும் சிவிஎஸ் கருவி பற்றி 1990இல் அவர் எழுதிய கட்டுரை, வெளியார் தரும் மூலநிரலைப் பின்தொடர்வதைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. சிவிஎஸ்ஸின் இம்போர்ட் கட்டளை, வந்த நிரலை 1.1.1 என்ற தனிக் கிளையில், அதாவது நமது திருத்தங்களோடு கலக்காத பதிப்பு வரிசையில், வைக்கும். அந்தக் கிளைக்குப் பெயர் வென்டர் பிராஞ்ச். யார் தந்தது என்பதற்கு ஒரு அடையாளம், எந்த வெளியீடு என்பதற்கு இன்னொன்று என இரண்டையும் கொடுக்காமல் அந்தக் கட்டளை வேலை செய்யாது.

இந்தக் கடைசி விபரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். யாருடையது, எந்தப் பதிப்பு என்ற இரண்டு கேள்விகளையும் கருவியே கேட்டது. பின்னாளில் ரூபி ஆன் ரெயில்ஸ், பிஎச்பியின் கொம்போஸர், 2015இல் வந்த கோ 1.5 போன்ற நிரலாக்கக் கருவிகள் எல்லாம் வென்டர் என்ற கோப்புறைப் பெயரை எடுத்துக்கொண்டன. பெயர்ச்சொல் வினையாகி வென்டரிங் பரவியது. சி திட்டங்களில் வெறும் கோப்புறை மட்டும் தங்கியது. அந்த இரண்டு கேள்விகளையும் கோப்புறை தானாகக் கேட்பதில்லை. நாமாக எழுதி வைத்தால்தான் உண்டு.

சி மொழியில் இந்தப் பழக்கம் வலுவாக இருப்பதற்கு, எல்லாருக்கும் பொதுவான ஒரு பொதி மேலாளர் (நிரலகங்களைத் தேடி நிறுவித் தரும் கருவி) அந்த மொழிக்கு இல்லை என்பதே முதற்காரணம். கோனான், விசிபிகேஜி போன்றவை உண்டு, ஆனால் வாடிக்கையாளரின் இயந்திரத்தில் அவை இருக்கும் என்று நம்பி வேலை செய்ய முடியாது. டெபியன் லினக்ஸில் ஒரு பதிப்பு, விண்டோஸில் ஒன்றுமே இல்லை என்ற நிலையில், மூலநிரலையே கூட அனுப்பிவிடுவது நிம்மதி. சில நிரலகங்கள் இதற்கென்றே செய்யப்பட்டவை. எஸ்கியூலைட் தரவுத்தளம் தனது நிரல் முழுவதையும் ஒரே பெரிய சி கோப்பாகத் திரட்டித் தருகிறது. ஒரே கோப்பாகத் தொகுக்கும்போது வேகம் 5 சதவீதமோ அதற்கு மேலோ கூடும் என்றும் அந்தத் திட்டமே சொல்கிறது. ஷான் பாரெட்டின் எஸ்டிபி நிரலகங்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கோப்பு; பெரும்பாலும் ஒரு தலைப்புக் கோப்பு (ஹெடர்: மற்றக் கோப்புகள் தமக்குள் சேர்த்துக்கொள்வது).

ஆனால் சி மொழியில் செயற்கூறுகளின் (ஃபங்ஷன்) பெயர்களுக்குத் தனித்தனி வீடு இல்லை. நமது நிரலுக்குள் ஒரு இஸட்லிப், நாம் இணைக்கும் பட நிரலகத்துக்குள் இன்னொரு இஸட்லிப் என்றால், இன்ஃப்ளேட் என்ற ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் ஒரே செயன்முறைக்குள் வந்துவிடும். லினக்ஸில் பெரும்பாலும் முதலில் கண்டெடுக்கப்படுவது வெல்லும். ஒரு பதிப்பின் தலைப்புக் கோப்பைப் பார்த்துத் தொகுத்த நிரல், இன்னொரு பதிப்பின் செயற்கூறைக் கூப்பிடும். இஸட்லிப்பை எழுதியவர்கள் இதை நினைத்திருக்கிறார்கள். இன்ஃப்ளேட்இனிட் என்று நாம் எழுதுவது உண்மையில் ஒரு மேக்ரோ, அதாவது தொகுக்கும்போது வேறு நிரலாக விரியும் சுருக்கப் பெயர்; பதிப்பு எண்ணையும் நமது பக்கத்துக் கட்டமைப்பின் அளவையும் அது சேர்த்து அனுப்புகிறது. பதிப்பின் முதல் எழுத்தோ கட்டமைப்பின் அளவோ பொருந்தாவிட்டால் நிரலகம் பிழைக் குறியோடு திரும்பிவிடும். எல்லாப் பெயர்களுக்கும் முன்னொட்டுப் போடவும் அதில் ஒரு தெரிவு உண்டு. பைத்தன் இன்னொரு வழியில் போகிறது. அது தன்னோடு வைத்திருக்கும் எக்ஸ்பாட் நிரலகத்தின் பெயர்கள் அனைத்துக்கும் பைஎக்ஸ்பாட் என்ற முன்னொட்டை ஒரு தனித் தலைப்புக் கோப்பு சூட்டிவிடும். கவனமாகச் செய்த வேலைக்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள்.

இதைவிடப் பெரிய சிக்கல், மூலத்தில் ஒன்று மாறும்போது நாம் எடுத்த படி (பிரதி) மாறாமல் நிற்பது. கொழும்புக்காரருக்கு இதை நமது மணிக்கூட்டை வைத்தே விளக்கலாம். 1996 மே 25இல் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டு, உலக நேரத்தைவிட ஆறரை மணித்தியாலம் கூடியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அது ஆறாகக் குறைந்தது. 2006இல் சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஏப்ரல் 15இல், பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. உலக நேர வலயத் தரவுத்தளத்தில் ஆசியா/கொழும்பு என்ற பதிவில் இவை எல்லாம் வரி வரியாக இருக்கின்றன. இயங்குதளம் அந்தத் தரவை ஓரிடத்தில் வைத்திருக்கும். அதைப் புதுப்பித்தால் அதை நம்பும் எல்லா மென்பொருளும் சரியாகிவிடும். ஆனால் 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் நேர வலய நிரலையும் தரவையும் தன்னுள்ளேயே படியெடுத்து வைத்திருந்தது. மாற்றம் அறிவிக்கப்படும் முன் எடுத்த படியை வைத்திருக்கும் எந்த மென்பொருளுக்கும் கொழும்பு நேரம் இன்னும் பழைய நேரம்தான். இயந்திரத்தின் மணிக்கூடு 9.00 காட்ட, அந்த மென்பொருள் 9.30 என்று எழுதும். இரண்டும் ஒரே இயந்திரத்துக்குள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் பிற்பாடு, இயங்குதளத்தின் தரவையே பாவிக்க ஒரு தெரிவைத் தந்தது.

பாதுகாப்புப் பிழை என்றால் விளைவு இன்னும் பாரதூரமானது. 2002 மார்ச்சில் இஸட்லிப் 1.1.3இல், ஒரே நினைவகத் துண்டை இரண்டு தடவை விடுவிக்கும் பிழை வெளியே வந்தது. 1.1.4 அதைச் சரிசெய்தது. ஆனால் பொதுவான ஒரு கோப்பை மாற்றியதோடு வேலை முடியவில்லை. இஸட்லிப்பைத் தன்னுள் வைத்திருந்த மென்பொருள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. லினக்ஸ் கருவுக்குள்ளேயே (கெர்னல்) ஒரு படி இருந்தது. 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி நிரலகத்தின் பிழையும் இப்படித்தான் நடந்துகொண்டது. உலாவியைப் புதுப்பித்த பிறகும், உலாவியைத் தன்னுள் கொண்ட இலெக்ட்ரான் சட்டகத்தில் கட்டிய மற்றச் செயலிகள் ஒவ்வொன்றும் தத்தம் படியோடு காத்திருந்தன.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வென்டர் என்பதற்கு அகராதி சொல்லும் விற்பனையாளரை எடுத்து வினையாக்கினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. உட்பொதித்தல் நல்ல சொல், ஆனால் சின்னச் சின்னக் கருவிகளுக்குள் இருக்கும் கணினிகளை உட்பொதிந்த முறைமை என்று ஏற்கெனவே அழைக்கிறோம். உள்ளிணைத்தல் என்றால் நிரலை இணைக்கும் லிங்கரின் வேலையோடு குழம்பும். பொதி, பேக்கேஜுக்குப் போய்விட்டது. பண்டில் என்பதற்கு உடன்வரு நிரலகம் என்பது பொருந்தும், ஆனால் அது மென்பொருளை வாங்கி நிறுவுபவரின் பக்கத்திலிருந்து பார்க்கும் சொல். களஞ்சியத்தைப் பராமரிப்பவரின் பக்கத்திலிருந்து ஒரு சொல் வேண்டும்.

நான் பாவிப்பது இரவற்படி. இரவல் எல்லா வீட்டிலும் புழங்கும் சொல். இர, அதாவது கேள், என்ற வேரிலிருந்து வருவது. படி, பிரதியைக் குறிக்கும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரம் நமது குசினியில் இருந்தாலும் அது யாருடையது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கோப்புறையில் இருக்கும் நிரலைப் பற்றியும் அந்த நினைவு இருக்க வேண்டும். இரவல் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று கேட்கலாம். பிரதியைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை என்பது சரி. ஆனால் அதில் நாம் கண்டுபிடித்துச் சரிசெய்த பிழையை மூலத் திட்டத்துக்கு அனுப்புவது கடமை. அனுப்பாவிட்டால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அதே திருத்தத்தை நாமே மறுபடி போட வேண்டும். நிரலை முதலில் எழுதிய திட்டத்தைக் குறிக்கும் அப்ஸ்ட்ரீம் என்பதை மேலோடை என்று பெயர்ப்பதைவிட மூலத் திட்டம் என்றே சொல்லலாம்.

இன்னொரு சொல் நமக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது: இடைச்செருகல். பழைய ஏடுகளில் பிற்காலத்தவர் நுழைத்த பாட்டுகளைப் பதிப்பாசிரியர்கள் இப்படிச் சொல்வார்கள். இரவற்படிக்குள் யாரோ அவசரத்தில் மாற்றிய இரண்டு வரி, குறிப்பு ஒன்றும் இல்லாமல் கிடந்தால் அதற்கும் இதுவே சரியான பெயர். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. புதிய பதிப்பை மேலே கொட்டினால் அது சத்தமில்லாமல் அழிந்துபோகும். இஸட்லிப்பின் உரிமமே இதைத் தடுக்கிறது. மாற்றிய நிரலை மாற்றியது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும், மூலம் என்று காட்டக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

அதனால் ஒவ்வொரு இரவற்படியின் பக்கத்திலும் ஒரு குறிப்புக் கோப்பு இருக்க வேண்டும். குரோமியம் திட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தமிழில் எழுதினால் இப்படி இருக்கும் (டார் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு, ஷா-256 ஒரு கோப்பின் கைரேகை போன்ற எண், பேட்ச் என்பது மாற்றிய வரிகளை மட்டும் வைத்திருக்கும் கோப்பு):

நிரலகம்: இஸட்லிப்
பதிப்பு: 1.3.1
எடுத்த இடம்: திட்டத்தின் தளத்தில் வெளியான டார் கோப்பு, அதன் ஷா-256 எண்ணும் சேர்த்து
உரிமம்: இஸட்லிப் உரிமம், மூலக் கோப்பு அப்படியே உள்ளது
நீக்கியவை: கான்ட்ரிப் கோப்புறை
நமது திருத்தங்கள்: தனித்தனிப் பேட்ச் கோப்புகளாக, திருத்தங்கள் கோப்புறையில்

எடுத்த இடம் என்ற வரி வெறும் சடங்கு கிடையாது. 2024 மார்ச்சில் அம்பலமான, எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரத்தில், 5.6.0, 5.6.1 பதிப்புகளின் பின்கதவை (கள்ளமாக நுழைய ஒளித்து வைத்த வழி) இயக்கி வைத்த மேக்ரோக் கோப்பு, வெளியீட்டு டார் கோப்பில் மட்டுமே இருந்தது. கிட் களஞ்சியத்தில் இல்லை. படி எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தவருக்குத் தன் நிலை ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நீக்கியவை என்ற வரியும் அப்படித்தான். 2023இல் வந்த, மினிஜிப் என்ற துணை நிரலின் பிழை இஸட்லிப்பின் கான்ட்ரிப் கோப்புறைக்குள் இருந்தது; அதை நீக்கியவர்களை அது தொடவில்லை.

எதிர்ச்சொல்லும் வேண்டும். கோப்புறையை நீக்கி, இயங்குதளம் தரும் நிரலகத்துக்கு மாறுவதை இரவற்படி நீக்கம் எனலாம். டெபியனின் கொள்கை ஆவணம் பொதுவாக இதைத்தான் விரும்புகிறது. ஃபெடோரா லினக்ஸ் 2015 வரை இறுக்கமாக மறுத்தது. அதன் பிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்று பொதியில் அறிவித்தால் போதும் என்று தளர்த்தியது.

நீக்கம் எப்போதும் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. ரெடிஸ் தன்னோடு வைத்திருக்கும் லுவா 5.1 மொழியின் இயக்கி அதன் தேவைக்கு ஏற்பத் தொகுக்கப்படுகிறது; பயனர் அனுப்பும் லுவா நிரல் வேலிக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறது. டெபியனின் பொதியில் அந்தப் படியை விட்டு, இயங்குதளத்தின் லுவாவோடு இணைத்தார்கள். அந்த மாற்றத்தில் பேக்கேஜ் என்ற மாறி திறந்தே கிடந்தது. அதன் வழியாக வேலியைத் தாண்டி இயந்திரத்தில் எதையும் இயக்க முடிந்தது. 2022இல் 0543 என்ற எண்ணோடு பதிவான இந்த ஓட்டை, டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டு போன்றவற்றிலும் மட்டுமே இருந்தது. ரெடிஸின் சொந்த வெளியீட்டில் இல்லை. ஆகவே ஒரு படியை நீக்க முன், அதில் மூலத்திலிருந்து என்ன மாற்றப்பட்டிருக்கிறது, எப்படித் தொகுக்கப்படுகிறது என்ற இரண்டையும் குறிப்புக் கோப்பில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.