பாயிண்ட் 420 ரூபாய், வட்டி 11,000

ஜூன், ஜூலை மாதங்களில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய என் அலுவலகத்துக்கு வருபவர்கள், வேலை முடிந்து எழுந்திருக்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்பார்கள். "சார், இபி பில், போன் பில், மளிகை எல்லாம் கிரெடிட் கார்டில் கட்டினால் பாயிண்ட் வருமாமே, எந்தக் கார்டு நல்லது?" நியாயமான கேள்விதான். எப்படியும் கட்டியாக வேண்டிய பணம், அதில் ஏதோ கொஞ்சம் திரும்பி வந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் நான் கார்டின் பெயரைச் சொல்வதில்லை. "ஏற்கெனவே இருக்கிற கார்டின் போன மாத ஸ்டேட்மென்ட்டை போனில் காட்டுங்கள்" என்பேன். அந்தப் பழக்கம் எனக்கு ஒரு தையல் கடை அக்காவால் வந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி அவர் கதையை எழுதுகிறேன்.

இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக் கடை நடத்துகிறவர் அவர். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் ஒரு கார்டு கொடுத்தார்கள். வீட்டுச் செலவை அதில் போட்டால் பாயிண்ட் சேரும், மாதாமாதம் பணம் தானாகக் கணக்கிலிருந்து போய்விடும், தேதியை நினைவில் வைக்க வேண்டாம் என்று சொல்லி, ஆட்டோ டெபிட் படிவத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். இபி பில், பிராட்பேண்ட், பிள்ளைகளின் ரீசார்ஜ், மளிகை எல்லாம் சேர்ந்து மாதம் சுமார் 12,000 ரூபாய். ஏழு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. எட்டாவது மாதம் இபி பில் கட்டும்போது கார்டு ஏற்கவில்லை. மெஷின் கோளாறு, சர்வர் கோளாறு என்று இரண்டு நாள் முயன்றுவிட்டு என்னிடம் வந்தார்.

ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். லிமிட் 85,000. நிலுவை 82,000 ரூபாய்க்கு மேல். படிவத்தில் 'டோட்டல் அமவுண்ட் டியூ' என்ற கட்டத்துக்குப் பதிலாக 'மினிமம் அமவுண்ட் டியூ' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. மாதாமாதம் கணக்கிலிருந்து போனது மொத்த பில் கிடையாது, அதில் 5 சதவீதம் மட்டும். முதல் மாதம் 600 ரூபாய், அப்புறம் 1,200 ரூபாய் என்று கூடிக்கொண்டே போயிருந்தது. பணம் எடுத்ததாக எஸ்எம்எஸ் வந்தது, அக்காவும் பார்த்திருக்கிறார். பில் அடைந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார்.

அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் மனதில் நிற்கிறது. "இந்த வருஷம் கையில் கொஞ்சம் காசு நிற்குதே, வியாபாரம் பரவாயில்லைன்னு நெனச்சேன் சார்." அந்தக் காசைத்தான் பள்ளிக் கட்டணத்துக்கும் ஒரு புதுத் தையல் மெஷினுக்கும் எடுத்திருந்தார்.

ஏழு மாதத்தில் வட்டியும் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 11,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. சேர்ந்த பாயிண்ட் 1,680. ஒரு பாயிண்ட் 25 பைசா வீதம் 420 ரூபாய். அதை எடுக்கவும் ஒரு கட்டணம் உண்டு.

மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கை ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. அது அவருடைய ஸ்டேட்மென்ட்டிலும் இருந்தது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது.

வட்டி எப்படி இவ்வளவு ஏறுகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலான கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் அல்லது அதை ஒட்டிய வட்டி. ஆண்டுக்கு 42 சதவீதம். கார்டு வட்டிக்கு 30 சதவீதம் உச்சவரம்பு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதைவிட முக்கியம், வட்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது. 45 நாள், 50 நாள் வட்டியில்லாக் காலம் என்று விளம்பரத்தில் சொல்வது, பழைய பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லாதவருக்குத்தான். பாக்கி வைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். இன்று காலையில் கட்டிய இபி பில்லுக்கு இன்று முதலே வட்டி ஓடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நடந்தது இதைவிடச் சின்ன விஷயம். 24,000 ரூபாய் பில். திருப்பி அனுப்பிய ஒரு பொருளுக்கு 2,000 ரூபாய் ரீஃபண்ட் வரவேண்டியிருந்தது. அதைக் கழித்து 22,000 கட்டிவிட்டார். டியூ டேட்டுக்குள், அதாவது பணம் கட்டக் கடைசி நாளுக்குள், ரீஃபண்ட் வந்திருந்தால் வங்கி அதை வரவு வைத்தே ஆக வேண்டும், சிக்கல் இருந்திருக்காது. அது நான்கு நாள் தாமதமாக வந்தது. அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வட்டியும் ஜிஎஸ்டியும் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். பாக்கியான 2,000-க்கு மட்டும் கணக்குப் போட்டால் முப்பது நாற்பது ரூபாய்கூட வராதே என்று கேட்டார். கணக்கு அப்படிப் போவதில்லை. 24,000 ரூபாய்க்கும் செலவு செய்த நாள் முதல் கட்டிய நாள் வரை வட்டி போடப்பட்டிருந்தது. அதனால் வரவேண்டிய பணத்தை நம்பிக் குறைத்துக் கட்டாதீர்கள். முழுத் தொகையைக் கட்டிவிடுங்கள், ரீஃபண்ட் வந்தால் அடுத்த மாத பில்லில் கழியும்.

சரி, முழுத் தொகையையும் ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு இதில் லாபம் உண்டா? உண்டு, ஆனால் நினைக்கிற அளவு இல்லை. நாம் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் வங்கிக்கு ஒரு கமிஷன் தருகிறார், பாயிண்ட் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. மின்சாரம், தண்ணீர், கேஸ் போன்ற பில்களில் அந்தக் கமிஷன் குறைவு. ஆகவே பல கார்டுகளில் இவற்றுக்குப் பாயிண்ட்டே கிடையாது, அல்லது மாதம் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கும். 2024 முதல் இன்னும் ஒரு படி போய், இந்த வகைச் செலவு ஒரு பில் சுற்றில், அதாவது ஒரு மாத பில் கணக்கில், குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் 1 சதவீதக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். யெஸ் வங்கி 15,000 ரூபாய், ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் 20,000 ரூபாய், எஸ்பிஐ கார்டு 50,000 ரூபாய் என்று பெரும்பாலான கார்டுகளுக்கு எல்லை வைத்தன. இந்த எண்கள் அடிக்கடி மாறும், உங்கள் கார்டின் இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகையைக் கார்டில் கட்டும் வழியும் 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கிய பிறகு பெரிய ஆப்களில் நின்றுபோனது.

பணம் கட்டும் பக்கத்திலும் கண் இருக்கட்டும். கார்டைத் தேர்ந்தெடுத்ததும் தொகை கூடுகிறதா என்று பாருங்கள். 5,000 ரூபாய் இபி பில்லுக்கு 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 59 ரூபாய். அக்காவின் கார்டுபோல நூறு ரூபாய்க்கு இரண்டு பாயிண்ட் என்றால் அந்த பில்லுக்குக் கிடைப்பது 25 ரூபாய். அங்கே யுபிஐயில் கட்டிவிட்டுப் போவதே மேல்.

ஆடிட்டராக எனக்குக் கவலை தரும் இன்னொரு பழக்கம் இருக்கிறது. பாயிண்ட் ஆசையில் அண்ணன் வீட்டு பில், மச்சான் கடை பில், பக்கத்து வீட்டுப் பிரீமியம் எல்லாவற்றையும் தன் கார்டில் கட்டிவிட்டு அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு நிதியாண்டில் கார்டு பில்லுக்காக நீங்கள் கட்டியது 10 லட்சம் ரூபாயைத் தொட்டால், அல்லது ரொக்கமாகவே 1 லட்சம் கட்டினால், வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் வருடாந்தரத் தகவல் அறிக்கையில் அது வந்து நிற்கும். வருமானம் ஆறு லட்சம், கார்டு செலவு பதினோரு லட்சம் என்றால் விளக்கம் கேட்பார்கள். மச்சான் கொடுத்த ரொக்கத்துக்கு ரசீது எங்கே இருக்கிறது? தயவுசெய்து வேண்டாம்.

கார்டில்தான் கட்டுவேன் என்று உறுதியாக இருப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். வீட்டு பில்களுக்கு ஒரே கார்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வந்த நான்கைந்து நாளில் டியூ டேட் வரும்படி பில் சுற்றை மாற்றச் சொல்லுங்கள், ஒருமுறையாவது மாற்றித் தர வங்கிகள் கடமைப்பட்டிருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் இபி பில், ஏசி ஓடிய கோடைக்குப் பிறகு மொத்தமாக வந்து விழும். அந்த மாதக் கணக்கில் அவ்வளவு பணம் இருக்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். கார்டில் தொடர் கட்டணம் ஏதாவது பதிவு செய்திருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வரும். அதைத் திறந்து படியுங்கள், பயன்படுத்தாத சந்தாக்கள் அங்கேதான் கண்ணில் படும். ஒருவேளை டியூ டேட் தவறிவிட்டால் பதறிப்போய் உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கும் அதன் பிறகே தெரிவிக்கலாம். நினைவு வந்த அன்றே கட்டிவிடுங்கள்.

மாத வருமானம் நிலையில்லாதவர்களுக்கு, அதாவது சீசன் வியாபாரம், ஒப்பந்த வேலை, கமிஷன் வேலை பார்ப்பவர்களுக்கு, வீட்டு பில்லுக்குக் கார்டு வேண்டாம் என்றே சொல்கிறேன். ஒரு மாதம் வரவு தள்ளிப்போனாலும் போதும், வருடம் முழுக்கச் சேர்த்த பாயிண்ட் ஒரே ஸ்டேட்மென்ட்டில் கரைந்துவிடும். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு, பரவாயில்லை.

அக்காவிடம் ஆட்டோ டெபிட்டை அன்றைக்கே 'டோட்டல்' என்று மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். மாற்றினால் 82,000 ரூபாய் ஒரே நாளில் கேட்கும், கணக்கில் இல்லை. அதனால் முதலில் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்தினோம். வங்கியில் இரண்டு வளையலை வைத்து, ஆண்டுக்கு ஒன்பதரை சதவீத வட்டியில் நகைக்கடன் வாங்கி, கார்டு நிலுவையை முழுதாக அடைத்தோம். 42 சதவீதக் கடன் ஒன்பதரை சதவீதக் கடனாக மாறியது. வளையல் கழற்றியபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் தீபாவளித் தையல் முடிந்ததும் ஒரு வளையல் திரும்பிவிட்டது, இன்னொன்று பொங்கலுக்கு.

கார்டை அவர் மூடவில்லை. பிராட்பேண்ட் பில் மட்டும் அதில் போகிறது. ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மென்ட் வந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வட்டி என்ற வரியில் பூஜ்யம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறாராம்.