துளியின் விளிம்பில் நிறம் ஏன் அடர்கிறது?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஓய்வு நாள்களில் நீர்வண்ண ஓவியம் பழகுபவர், ஓவிய வரலாற்றையும் அண்மைக்காலமாக சிங்கிள் மால்ட் விஸ்கியையும் ஒரே ஆர்வத்தோடு அறிந்துவருபவர், ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவர் தீட்டும் நீல வானம் காயும்போது நடுவில் வெளுத்து, ஓரத்தில் கோடு இழுத்ததுபோல் அடர்ந்துவிடுகிறது. மேசையில் சிந்திய காபியும் வளையமாகவே காய்கிறது. ஆனால் இரவில் கழுவாமல் விட்ட கண்ணாடிக் கோப்பையின் அடியில் விஸ்கி மட்டும் ஏறக்குறைய சீரான மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. குறை தம்முடைய காகிதத்தில்தானா என்று அவர் கேட்கிறார்.

காகிதத்தில் குறை இல்லை. நீர் ஆவியாகும்போது அதில் மிதந்த துகள்கள் பின்தங்கிவிடும் என்பதும், நீர்மத்தின் பரப்பு இழுவிசையே துளியைக் குவிந்த வடிவில் வைத்திருக்கிறது என்பதும் பள்ளியிலேயே படித்தவை. இவை மட்டுமே நடந்தால், துளியின் தடித்த நடுப்பகுதியில்தான் அதிகத் துகள்கள் இருப்பதால், கறையும் நடுவில்தான் அடர்ந்திருக்க வேண்டும். நேர்மாறாக நடப்பது ஏன் என்பதற்குத் தெளிவான விடை 1997-இல்தான் கிடைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் சிட்னி நேகல், தாமஸ் விட்டன் உள்ளிட்ட அவருடைய சகாக்களும் நீரில் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைக் கலந்து, காயும் துளியை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தார்கள். மணிகள் யாவும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்தன.

இந்த நகர்வுக்கு இரண்டு காரணங்கள் சேர வேண்டும். முதலாவது, துளியின் விளிம்பு இருந்த இடத்திலேயே பற்றிக்கொள்வது. காகிதமோ மேசையோ, எந்தப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கின்றன. விளிம்பு அவற்றில் சிக்கிக்கொள்கிறது. அங்கே வந்து சேரும் முதல் துகள்களே மேலும் ஒரு வரம்பாக அமைந்து பிடியை இறுக்குகின்றன. இரண்டாவது, விளிம்பில் ஆவியாதல் மிக விரைவாக நடப்பது. கரக ஊர்வலத்தின் நெரிசலில் நடுவே நிற்பவரைவிட ஓரத்தில் நிற்பவர் எளிதாக வெளியேறிவிடுவதைப்போல, துளியின் நடுவிலிருந்து எழும் நீர் மூலக்கூறுக்கு அக்கம்பக்கமெங்கும் ஈரக்காற்றே இருக்க, விளிம்பிலிருந்து எழுவதற்கோ பக்கவாட்டில் உலர்ந்த வெளி திறந்திருக்கிறது.

இனி இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விளிம்பில் நீர் வேகமாகக் குறைகிறது. விளிம்போ உள்வாங்க முடியாமல் பிடிபட்டிருக்கிறது. அப்படியானால் இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து புதிய நீர் ஓடிவந்தே ஆக வேண்டும். துளி அகலத்தில் சுருங்காமல் உயரத்தில் மட்டும் தாழ்ந்துகொண்டே போவதும், அதனுள்ளே ஓயாத ஓர் ஓட்டம் வெளிநோக்கிச் செல்வதும் இந்தக் கட்டாயத்தால்தான். அந்த ஓட்டம் காபித்தூளின் துகள்களைச் சுமந்துசென்று கரையில் இறக்கிவிடுகிறது. துளி காய்ந்து முடியும் தறுவாயில் உயரம் மிகக் குறைந்துவிடுவதால், அதே நீர் குறுகிய இடைவெளியில் ஓட வேண்டியதாகி வேகம் சட்டென்று கூடுகிறது. தொடக்கத்தில் நிதானமாக வந்த துகள்கள் வரிசை பிசகாமல் படிகத்தைப்போல் அடுக்கி நிற்க, கடைசியில் விரைந்து வந்தவை தாறுமாறாகக் குவிந்து கிடப்பதை நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தினர் 2011-இல் காட்டினார்கள். ஒரு சொட்டு டிகாக்ஷன் காய்ந்து முடிவதற்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் தீராத வியப்பு.

டீகன் குழுவினர் செய்த ஒரு சோதனையைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. துளியை மூடியிட்டு, அதன் மையத்துக்கு நேர் மேலே மட்டும் ஒரு சிறு துளை விட்டார்கள். ஆவி நடுவழியாக மட்டுமே வெளியேற முடிந்தது, வளையம் உண்டாகவில்லை. அதே 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் யங்கரும் அர்ஜுன் யோத்தும் வேறொரு வழி கண்டார்கள். உருண்டையான மணிகளுக்குப் பதிலாக நீள்வட்ட மணிகளைப் போட்டபோது, அவை நீரின் மேற்பரப்பைக் கோணலாக்கி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, விளிம்புக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிட்டன.

விஸ்கிக்கு வருவோம். 25 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எத்தனாலுக்கு 22 மட்டுமே. ஆகவே ஆல்கஹால் எங்கே குறைகிறதோ அங்கே இழுவிசை கூடி, சுற்றியுள்ள நீர்மத்தைத் தன்பக்கம் இழுக்கும். மாரங்கோனி விளைவு எனப்படும் இதுதான் ஒயின் கோப்பையின் உட்சுவரில் நீர்மத்தை மேலேற்றிக் கண்ணீர்போல் வழியவிடுகிறது; இயற்பியலாளர் லார்ட் கெல்வினின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் 1855-லேயே இதை விளக்கிவிட்டார். அந்தத் தாரைகள் நீண்டு மெதுவாக இறங்கினால் மது உயர்ந்தது என்று சுவைக்கூடங்களில் இன்னும் சொல்லக் கேட்கிறேன். தாரைகளைத் தருவது பெரும்பாலும் ஆல்கஹாலின் அளவுதான். கோப்பையை மூடி ஆவியாதலைத் தடுத்தால் தாரைகள் நின்றுபோகும். மதுவின் தரமோ அப்படியேதான் இருக்கும்.

கோப்பையின் அடியில் காயும் விஸ்கித் துளியில் முதலில் ஆல்கஹால் வெளியேறுவதால் இத்தகைய ஓட்டங்கள் துளியைக் கலக்கிவிடுகின்றன. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எர்னி பட்டன் இப்படிக் காய்ந்த விஸ்கிப் படலங்களை வண்ண ஒளியில் படமெடுத்தவர். அவற்றின் காரணத்தை அறிய விரும்பி அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நீர்ம ஓட்டங்களை ஆராயும் ஹோவர்ட் ஸ்டோனை அணுகினார். அங்கிருந்த குழுவின் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆல்கஹால் தீர்ந்த பிறகும் விளிம்பில் சேரும் சோப்பு போன்ற மூலக்கூறுகள் அங்கே இழுவிசையைக் குறைப்பதால், மேற்பரப்பு நீர் நடுவை நோக்கித் திரும்பி ஓடுகிறது. விஸ்கியிலுள்ள பெரிய மூலக்கூறுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு துகள்களை ஆங்காங்கே பிடித்துவைக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்தே சீரான படலம் உருவாகிறது. இதில் ஓக் பீப்பாய்க்கும் பங்குண்டு. உட்புறம் கருக்கிய புதிய பீப்பாயில் முதிரும் அமெரிக்கப் பர்பன் விஸ்கியை நீர்விட்டு நீர்க்கச் செய்து காயவிட்டால், படலத்துக்குப் பதிலாகச் சிலந்திவலை போன்ற கோலம் உண்டாவதை லூயிவில் பல்கலைக்கழகத்தினர் கண்டார்கள். பெரும்பாலும் பழைய பீப்பாய்களில் முதிரும் ஸ்காட்ச் விஸ்கி அந்த வலையைப் பின்னுவதில்லை.

கறை காய்வதை ஆராயவும் பணம் தர வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மின்சுற்றுகளை மையால் அச்சிடுபவர்களுக்கும், கண்ணாடித் தகட்டில் டிஎன்ஏ சொட்டுகளை இட்டுச் சோதிப்பவர்களுக்கும் இந்த வளையம் அன்றாடத் தொல்லை. இதே பெங்களூருவில் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் சகாக்களும் 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப்படிகங்களைக் கண்டறிந்தபோது, அவை பின்னாளில் கணினி, தொலைக்காட்சித் திரைகளின் பார்வைக் கோணத்தை விரிவாக்கும் படலங்களாகும் என்று எந்த நிதிக்குழு கணித்திருக்க முடியும்?

ஓவியர்களோ இந்த விளிம்பை அறிவியலுக்கு முன்பே கையாளப் பழகிவிட்டார்கள். 1903-இல் ஓவியர்கள் யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் ஜப்பானிலிருந்து கல்கத்தா வந்தார்கள். அவர்களிடம் கண்டதிலிருந்து வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் வளர்த்தெடுத்த வாஷ் முறையில், ஓவியம் மீண்டும் மீண்டும் நீரில் நனைக்கப்படுகிறது. தாள் முழுவதும் ஈரமாக இருக்கும்போது வண்ணத்துக்குப் பற்றிக்கொள்ள ஓர் ஓரமே கிடைப்பதில்லை. துகள்கள் பரவி மங்கிக் கரைகின்றன. அவரிடம் பயின்ற மைசூர் ஓவியர் கே. வெங்கடப்பா பின்னர் ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். பெங்களூரு கஸ்தூரிபா சாலையில் கலைக்கூடம் ஒன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. எந்த நீர்வண்ண ஓவியத்தின் முன் நின்றாலும் நான் முதலில் தேடுவது விளிம்புகளைத்தான். மலைமுகடு வானத்தில் மெல்லக் கரைந்திருந்தால் அங்கே தாள் ஈரமாக இருந்திருக்கும். ஓர் இலையைச் சுற்றி இழை போன்ற கருங்கோடு இருந்தால், உலர்ந்த தாளில் இட்ட அந்தத் தூரிகைத் தீற்று தனியே காய்ந்திருக்கும். ஓவியரின் கை எந்த வரிசையில் நகர்ந்தது என்பதை இப்படி ஓரளவு படித்துவிடலாம்.

வாசகரின் வானத்துக்கு வழி இதுதான். வண்ணமிடுவதற்கு முன் வானப்பகுதி முழுவதையும் சுத்தமான நீரால் நனைத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சற்றுச் சாய்த்துவைத்து, அடியில் திரளும் நீரைப் பிழிந்த தூரிகையால் ஒற்றியெடுங்கள். நீர்வண்ணக்காரர்கள் மாட்டுப் பித்தநீரைச் சில சொட்டுகள் சேர்ப்பதும் உண்டு. பித்த உப்புகள் சோப்பைப்போல் பரப்பு இழுவிசையைக் குறைத்து, வண்ணம் தாளில் சமமாகப் பரவ உதவுகின்றன. மரக்கிளைக்கோ கூரை விளிம்புக்கோ அந்த அடர்ந்த கோடு வேண்டுமென்றால், உலர்ந்த தாளில் நீர் ததும்ப வண்ணமிட்டு, பலகையைச் சமதளத்தில் வைத்து, காயும்வரை தொடாமல் விடுங்கள்.