சும்மா ஒரு டேக்தானுங்க, டாக்டர்!

போன ஞாயிறு ராத்திரி ஒரு மணிக்கு நர்ஸ் போன் செய்து, "டாக்டர், வெல்டிங் அடிச்ச கேஸ். மூணு பேர்" என்றார். வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்ட பட்டறை ஆட்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால், ஒரே குடும்பம். ஐடி வேலை பார்க்கும் கணவர், மனைவி, ஆறு வயது மகள். மூவராலும் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆட்டோக்காரர்தான் கையைப் பிடித்து ஒவ்வொருவராக உள்ளே உட்கார வைத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். கணவர் ஆன்லைனில் வெல்டிங் மெஷின் வாங்கி, வீடியோ பார்த்து, மொட்டை மாடியில் செருப்பு ஸ்டாண்ட் செய்திருக்கிறார். மனைவி பைப்பைப் பிடித்துக்கொண்டார். பாப்பா "தள்ளித்தானுங்க நின்னா".

இந்த வருஷம் இப்படி எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கோவையில் பட்டறைத் தொழிலாளி வருவது புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை வெல்டர்கள்தான் புதிது. பூந்தொட்டி ஸ்டாண்ட், துணி காயப்போடும் கம்பி, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிராலி என்று ஆளுக்கொரு வேலை. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். இரண்டு இரும்புத் துண்டு ஒன்றாகிற சந்தோஷம் எனக்கும் தெரியும்.

ஆனால் ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது: "வெல்டிங் வைக்கும்போது ஹெல்மெட் போட்டுத்தானுங்க வெச்சேன். டேக் போடறப்பதான் கண்ணை மூடிக்கிட்டேன்."

டேக் என்பது, முழு வெல்டிங்குக்கு முன் துண்டுகள் நகராமல் இருக்க வைக்கும் சின்னப் பொட்டு. கணக்குப் போடுவோம். அவருடைய ஸ்டாண்டுக்கு மூன்று தட்டு. ஒரு தட்டுக்கு நான்கு மூலை, நடுவே ஐந்து பட்டை, பட்டைக்கு இரண்டு முனை. ஆக 14 இணைப்பு. மூன்று தட்டுக்கு 42. ஒவ்வொன்றுக்கும் இரண்டு டேக் என்றால் 84. வெல்டிங் ராடு உரசியதும் பொறி பிடிக்கிறதா என்று பார்க்காமல் கண்ணை மூடும் மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கால் நொடி திறந்திருந்தாலும் மொத்தம் 21 நொடி ஆகிறது. கையெட்டும் தூரத்தில் வெறுங்கண்ணோடு வெல்டிங்கைப் பார்த்தால், அதன் புற ஊதாக் கதிரில் கருவிழி வெந்துபோக அந்தச் சில நொடிகள் போதும். அவை ஒரே மூச்சில் விழ வேண்டியதில்லை. அன்றைக்குப் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக விழுவதைக் கண் கூட்டி வைத்துக்கொள்ளும். நீளமாக வெல்டிங் வைத்து மாட்டிக்கொண்ட கற்றுக்குட்டியை நான் பார்த்ததே குறைவு. எல்லாம் டேக்தான். பைப்பைப் பிடித்தவர் நிலைமை இன்னும் மோசம். எப்போது பொறி வரும் என்றே அவருக்குத் தெரியாது.

வெல்டிங் முடித்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல ஆரம்பிக்கும். மஞ்சள் சாயத் தாளைத் தொட்டு வைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தேன். அந்தக் குழந்தையின் கருவிழியில், இமை மூடாத பகுதி முழுக்க, ஊசியால் குத்தியது போல் பச்சைப் புள்ளிகள்.

பயப்பட வேண்டாம், ஆறிவிடும். கருவிழியின் மேல்தோல் ஒன்றிரண்டு நாளில் தானே வளர்ந்துவிடும். தானே ஆறுவதால்தான் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் புகழ் பெற்றிருக்கிறது. தாய்ப்பால் விட்டவருக்கும் ஆறும், உருளைக்கிழங்கு வைத்தவருக்கும் ஆறும், சும்மா இருந்தவருக்கும் ஆறும். ஆனால் தோல் உரிந்த கருவிழியில் சுத்தமில்லாத எதை விட்டாலும் அது கிருமிக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான். தென் தமிழ்நாட்டில் கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வருபவை. அதோடு நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

பரிசோதிக்க ஒரு சொட்டு மரப்பு மருந்து விடுவோம். அரை நிமிடத்தில் வலி பறந்துவிடும். உடனே, "டாக்டர், இதையே எழுதிக் குடுத்துருங்க!" மாட்டேன். வலிக்கிறபோதெல்லாம் அதை விட்டால் புண் ஆறாது, கருவிழியே கரைந்து ஓட்டை விழலாம். மெடிக்கல் ஷாப்பில் "வெல்டிங் அடிச்சதுக்கு மருந்து" என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டும் வேண்டாம். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்கு விருந்து வைத்தது போல. குளிர்ந்த துணி, வலி மாத்திரை, இருட்டறை. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். கசக்காதீர்கள். காலையில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு கண் மட்டும் வலித்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். வெல்டிங் அடித்தால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் வலிக்கும். ஒற்றைக் கண் என்றால் இரும்புத் துகள் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவோம். இரும்பைத் தேய்க்கும் நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. டிஸ்க்கின் ஓரம் போகும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். அதிலிருந்து தெறிப்பது கருவிழியில் பதிந்தால் ஒரே நாளில் சுற்றிலும் துரு பிடித்துவிடும். கைக்குட்டை முனையாலோ நாக்காலோ எடுக்க வேண்டாம். அது கண்ணுக்குள்ளேயே போய்விடுவதும் உண்டு. எம்ஆர்ஐ எடுக்கும் முன் "வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்வீர்களா?" என்று கேட்பது ஊர்க்கதை பேச இல்லை. தங்கிய இரும்புத் துகளைக் காந்தம் நகர்த்திவிடும்.

ஹெல்மெட் வாங்குங்கள். ஐந்தாறாயிரம் போட்டு மெஷின் வாங்கியவர் கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தால் எனக்குத் திட்டத்தான் தோன்றுகிறது. தானாகக் கறுக்கும் ஹெல்மெட் டேக் போடவென்றே செய்தது மாதிரி. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், மூடியைத் தூக்கி இறக்க வேண்டாம். நல்ல ஹெல்மெட்டின் கண்ணாடி கறுக்காதபோதும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். இரண்டரை எம்எம் ராடுக்குக் கறுப்பின் அளவை 10ஆம் எண்ணில் வையுங்கள். ஹெல்மெட்டில் கிரைண்டிங்குக்குத் திருப்பிய குமிழை வெல்டிங்குக்கு மாற்ற மறந்தால் கறுக்காது, இதையும் பார்த்தாயிற்று. ஹெல்மெட்டுக்குள்ளே சாதா பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கட்டும், வெல்டிங் மேல் படிந்த கசடைத் தட்டும்போது தேவைப்படும். பிடிக்கிற ஆளுக்கு இன்னொரு ஹெல்மெட். இல்லையென்றால் ஆளை விட்டுவிட்டு கிளாம்ப் போடுங்கள். வெள்ளைச் சுவர் பக்கத்தில் இருந்தால் வெளிச்சம் திரும்பி அடிக்கும், பழைய தார்ப்பாயைத் தொங்கவிடுங்கள்.

துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் வெல்டிங் வைக்காதீர்கள், அந்தப் புகையால் அன்றைக்கே குளிர்காய்ச்சல் வரும், பால் குடித்தால் போகாது. இது என் துறை இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். முதலில் பழைய இரும்புக் கடைத் துண்டுகளில் பழகுங்கள், பிறகு ஸ்டாண்ட். ஊஞ்சல், ஏணி, பால்கனிக் கைப்பிடி எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வெல்டிங்கை நம்பி ஆள் ஏறக் கூடாது.

அப்புறம், குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். அந்த வெளிச்சம் அவர்களுக்கு மத்தாப்பு மாதிரி. தயவுசெய்து வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூவருக்கும் குணமாகிவிட்டது. நேற்று அவர் வாட்ஸப்பில் முடிந்த ஸ்டாண்டின் படம் அனுப்பியிருந்தார். நடுத்தட்டு கொஞ்சம் சாய்வு, மற்றபடி பரவாயில்லை. ஓரத்தில் புது ஹெல்மெட் தொங்குவதை வேண்டுமென்றேதான் எடுத்திருப்பார். அதன் கீழே தரையில் கிரைண்டர். பெரிதாக்கிப் பார்த்தேன், டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றியிருக்கிறார். உடனே போன் போட்டேன்.