மேற்கோள் அன்று, சுட்டு

அறிவியலாளர் எவரைப் பற்றித் தமிழில் எழுதினாலும், ‘இவருடைய ஆய்வுகள் இத்தனை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன’ என்றொரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. கொரோனாக் காலத்தில் தொற்றுநோய் வல்லுநர்களின் பெயர்கள் செய்திகளில் அடிபடத் தொடங்கியபின், இவ்வரியைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ‘சைட்டேஷன்’ என்பதற்கு ‘மேற்கோள்’ என்று எழுதுவது பிழை. அதுவும் பொருளைத் தலைகீழாக்கும் பிழை. அதைச் ‘சுட்டு’ என்றே சொல்ல வேண்டும்.

சைட்டேஷன் என்பது, ஓர் ஆய்வுக் கட்டுரை தனக்கு முந்தைய கட்டுரையொன்றைப் பெயர், ஆண்டு, இதழ் ஆகிய விவரங்களோடு குறிப்பிடுவது. வேர்ச்சொல் இலத்தீன் ‘சிட்டாரே’. அசைத்தல், அழைத்தல், வழக்குமன்றத்துக்கு வரவழைத்தல் என்று அதன் பொருள் விரிந்தது. அறிவியலுக்கும் இது சட்டத்தின் வழியேதான் வந்தது. அமெரிக்காவில் பிராங்க் செப்பர்டு 1873-இல் தொடங்கிய தீர்ப்புப் பட்டியலைப் பார்த்தே, யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் அறிவியலுக்கும் அத்தகைய பட்டியல் வேண்டும் என்று எழுதி, 1964-இல் அதை வெளியிட்டார். செப்பர்டின் பட்டியல் ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகளுள் எவை ஏற்றன, எவை தள்ளின என்பதையும் குறியிட்டுக் காட்டியது. இன்றைய அறிவியல் எண்ணிக்கையிலோ ஏற்றலும் தள்ளலும் ஒன்றாகவே கூட்டப்படுகின்றன.

இனி ‘மேற்கோள்’ என்பதைப் பார்ப்போம். பிறர் வாய்மொழியை அப்படியே எடுத்து வைப்பதே இன்று தமிழர் அறிந்த மேற்கோள். யாப்பருங்கல விருத்தியுரையில் மேற்கோளாக நின்றதனாலேயே அழியாமல் தப்பிய செய்யுட்கள் பல என்று சொல்லும்போது, அச்செய்யுட்களின் வரிகள் அங்கே உள்ளன என்றே பொருள் கொள்கிறோம். மாறாக, மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் முந்தைய கட்டுரையின் சொற்கள் எடுத்தெழுதப்படுவது அரிது. ஒரு முடிவைச் சொல்லி, கட்டுரையின் இறுதியில் உள்ள பட்டியலைக் காட்டும் ஓர் எண்ணை அருகே இட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவ்வழக்கம் நமக்கு அயலானதும் அன்று. ‘எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது என்ப’ என்று தொல்காப்பியம் தொடங்கும்போது, அந்த ‘என்ப’ முன்னோரைச் சுட்டுகிறதேயன்றி அவர்கள் கூற்றை எடுத்தோதவில்லை. ‘என்மனார் புலவர்’ என்று முடியும் நூற்பாக்களும் அவ்வாறே. தமிழின் பழைய இலக்கண நூலிலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் குழப்பியது வருத்தத்துக்குரியது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மேற்கோள் காட்டுவது, தம் கருத்துக்குத் துணையாகப் பெரியோர் ஒருவரை நிறுத்துவது. அச்சொல்லில் மதிப்பும் உடன்பாடும் ஊறிக் கிடக்கின்றன. பிரான்சின் மார்செய் நகரத்து நுண்ணுயிரியலாளர் திதியே ரவூலை எடுத்துக்கொள்வோம். அவர் பெயரில் வெளியான கட்டுரைகள் இரண்டாயிரத்துக்கும் மேல். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரக் குளிர்விப்புக் கோபுர நீரில் கிடைத்த பெருவைரசுக்கு 2003-இல் மிமிவைரசு என்று பெயரிட்ட குழுவில் அவரும் ஒருவர். அக்கட்டுரை பெற்ற சுட்டுகளை மதிப்பின் அடையாளமாகக் கொள்வதில் தடையில்லை. ஆனால் 2020 மார்ச்சில், 36 நோயாளிகளை மட்டும் வைத்து, கொரோனாவுக்கு ஐதராக்சிகுளோரோகுவின் உதவும் என்று அவர் குழு எழுதிய கட்டுரையும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை சுட்டப்பட்டது. அவற்றுள் பல, அதன் ஆய்வுமுறையின் குறைகளை எடுத்துக்காட்டுவதற்கென்றே எழுதப்பட்டவை. அதே ஆண்டு சூனில், பிரித்தானியாவின் பெரிய மருந்துச் சோதனை, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு அம்மருந்தால் பயனில்லை என்று அறிவித்தது. 2024 டிசம்பரில் அக்கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. இதை ‘மூவாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை’ என்று எழுதினால், தமிழ் வாசகர் மூவாயிரம் அறிஞர்கள் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள் என்றுதானே நினைப்பார்? ‘எடுத்தாளல்’ என்று எழுதுவோரும் உளர். எடுத்து ஆள்வது ஏற்றுப் பயன்படுத்துவதாகையால் அதற்கும் இதே குறை உண்டு.

ஆகவே ‘சுட்டு’ என்பதே தக்கது. முதலில் வரும் இடத்தில் ‘ஆய்வுச் சுட்டு’ என்று எழுதலாம். சுட்டுவது காட்டுவது மட்டுமே. நன்று என்றோ தீது என்றோ அது சொல்வதில்லை. குற்றத்தையும் சுட்டுகிறோம், குணத்தையும் சுட்டுகிறோம். சுட்டெழுத்து, சுட்டுப்பெயர் என்று இலக்கணத்தில் ஏற்கெனவே ஆட்சி பெற்ற சொல் இது. தற்சுட்டு (தம் கட்டுரையைத் தாமே சுட்டுவது), சுட்டுப் பட்டியல் என்று தடையின்றிக் கிளைக்கவும் செய்யும். ஆய்வாளர் ஒருவரை மதிப்பிடப் பயன்படும் எச்-குறியீட்டையும், ‘ஒருவருடைய கட்டுரைகளுள் 50 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 50 சுட்டுகளேனும் பெற்று, 51-க்கு அவ்வாறு அமையாவிடில் அவர் குறியீடு 50’ என்று குழப்பமின்றி விளக்கலாம். ‘சுட்டார்’ என்றால் திருடினார் என்று பேச்சுவழக்கில் பொருளாகுமே என்று சிரிப்பவர்களுக்கு, அது ‘சுடு’ என்னும் வினையின் வழி வந்தது, இதன் இறந்தகாலம் ‘சுட்டினார்’ என்பதே விடை. சில ஆய்வேடுகளுக்கு இரண்டு வினைகளும் பொருந்தும் என்பது வேறு செய்தி.

ஓர் ஆய்வு பிற ஆய்வுகளில் பெறும் செல்வாக்கைக் குறிக்கும் ‘இம்பாக்ட்’ என்பதற்குத் ‘தாக்கம்’ என்று எழுதுவதையும் நான் ஏற்கவில்லை. புயல் தாக்கும், நோய் தாக்கும். இலங்கைப் பாடநூல்களில் வேதிவினையே தாக்கம் எனப்படுகிறது. தொற்றுநோய் அறிஞரைப் பற்றிய கட்டுரையில், நோயின் தாக்கமும் ஆய்வின் தாக்கமும் அடுத்தடுத்த வரிகளில் வந்து மோதிக்கொள்கின்றன. ‘சுட்டுச் செல்வாக்கு’ என்றால் அந்த மோதல் இல்லை. ஆய்விதழ்களுக்கு இடப்படும் எண்ணைத் ‘தாக்கக் காரணி’ என்பது இன்னும் மோசம்: அது ஓர் இதழ் முந்தைய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டு பெற்ற சுட்டுகளின் சராசரி. ‘சுட்டுச் சராசரி’ என்று நேராக எழுத முடிகிற ஒன்றை, எதற்கோ காரணமானது போல் ஏன் காரணி ஆக்க வேண்டும்?